தம்பி மகன் கேட்ட கேள்வி

நாவல் எழுதுகிறவனிடம் நாவலைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும் என்ற வரைமுறை எங்கள் தெருவில் கிடையாது. வாசற்படியை எந்தத் திசையில் வைப்பது, பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது, கண் ஆபரேஷனை வேலூரில் செய்துகொள்வதா பெங்களூரிலா என்றெல்லாம் வந்து கேட்பார்கள். தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். அச்சில் பெயர் வருகிற மனுஷனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு எண்ணம்.

ஆகவே 2025-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி என் தம்பி மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அவன் ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்க்கிறான். காலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் வாணியம்பாடி தாண்டி ஆம்பூர். இருட்டிய பிறகுதான் திரும்புவான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு, "பெரிப்பா, உங்க போன் மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இன்னா சொல்றீங்க?" என்றான்.

என் போன் நான் வாங்கியதல்ல. பெங்களூரில் இருக்கும் என் மகள் 2024 தீபாவளிக்கு வந்தபோது கொடுத்தது. ஐபோன் 16 ப்ரோ. அந்த வருஷம் செப்டம்பரில் வெளியானபோது இந்தியாவில் அதன் ஆரம்ப விலை 1,19,900 ரூபாய். தம்பி மகன் கைக்கு மாதாமாதம் வருவதைக் கொண்டு கணக்குப் பார்த்தால் ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. தவணையில் கட்டினால் இரண்டு வருஷம்.

மோசமான நாவல் ஒன்றை நல்ல நாவல் என்று நான் சொல்லிவிட்டால், நம்பி வாங்குகிறவனுக்கு முந்நூறு ரூபாய் நஷ்டம். அதற்கே மனசு உறுத்தும். இது இரண்டு வருஷத் தவணை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டு, ஒன்பது மாதமாகச் சட்டைப் பையில் வைத்திருந்த சாமானை, விமர்சனத்துக்கு வந்த புஸ்தகத்தைப் பார்ப்பது போல எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் கட்டுமானம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. 199 கிராம் எடை. ஓரமெல்லாம் டைட்டானியம். முன்னும் பின்னும் கண்ணாடி. உலோகமும் கண்ணாடியும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து ஓட்டினால் நகம் எங்கும் நிற்பதில்லை. மகள் கொண்டுவந்த அன்றே தம்பி மகன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டான். தோல் வெட்டுகிறவர்களுக்குக் கட்டை விரல்தான் கண். ஒரு தோலை மேஜைமேல் விரித்துப்போட்டுத் தடவிக்கொண்டே போவார்கள். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, உரித்தவன் கத்தி தவறிய இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். அங்கெல்லாம் அடையாளம் வைத்துவிட்டு, அவற்றை விலக்கி வெட்டுவார்கள். அதே விரலால் அவன் இந்தப் போனைச் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, "ஒரு இடத்துல கூட நிக்கல பெரிப்பா" என்றான். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இந்த வரிசையில் ப்ரோ என்ற உயர்ந்த ரகத்தை இந்தியாவில் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்ததே இந்த 16-ல்தான். ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் அந்த வேலை நடந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் போகிறார்கள். 2021 டிசம்பரில் அவர்களுடைய விடுதி ஒன்றில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். வேலூரையும் ஆம்பூரையும் தொட்டுக்கொண்டு போகிற அதே சாலைதான். நகம் நிற்காத அந்த ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாலை ஞாபகம் வருகிறது. சாமானின் குறையாக இதைச் சொல்லவில்லை. ஆனால் அதன் கதையில் இதுவும் ஒரு அத்தியாயம்.

அடுத்தது திரை. படிக்கிறவனுக்கு இது பெரிய விஷயம். ஏலகிரியிலிருந்து இறங்கி வருகிற சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு கடிதம் படிக்க முடிகிறது. ராத்திரியிலோ நேர்மாறாக, வீட்டுக்காரி தூங்கும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு படித்தாலும் அவள் முகத்தில் வெளிச்சம் விழாத அளவுக்குத் திரை தணிந்துவிடுகிறது. முன்னால் வைத்திருந்த போனால் நான் இந்த விஷயத்தில் பல ராத்திரி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

காது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. நான்கு மைக்குகள் வைத்திருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய என் அக்காவை உட்காரவைத்து, அம்மா பாடிய தாலாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். பல்லில்லாத வாயில் சகரம் வழுக்குகிறது. நடுவில் மூச்சு வாங்குகிறது. பின்னால் யார்டில் ஒரு எஞ்சின் சீறுகிறது. கோழி ஒன்று கொக்கரிக்கிறது. அத்தனையும் தனித்தனியாக, அந்தந்தத் தூரத்தில் கேட்கின்றன. பத்து வருஷம் கழித்து இந்தச் சாமான் செத்துப்போனாலும், இந்த ஒரு காரியத்துக்காக நான் அதை நன்றியோடுதான் நினைப்பேன்.

இப்போது காமிராவுக்கு வருகிறேன். பகலில் இது செய்கிற வேலை பிரமாதம். மேம்பாலத்தின்மேல் நின்று, ஐந்து மடங்கு அருகில் இழுத்துப் பார்த்தால் ஏலகிரிச் சரிவில் பாறையும் புதரும் பிரிந்து தெரிகின்றன. ஒரு விநாடிக்கு 120 படம் வீதம் எடுத்து நிதானமாக ஓட்டிக் காட்டுகிற வசதி ஒன்று உண்டு. சேலத்துப் பாதையும் பெங்களூர்ப் பாதையும் பிரிகிற எங்கள் ஜங்ஷனில், கூட்ஸ் வண்டிச் சக்கரம் ஒன்று பிரிவு ரயிலின்மேல் ஏறி இறங்குவதை அப்படி எடுத்து, பக்கத்து வீட்டில் இருக்கும் ரிடையரான ரயில்வேக்காரருக்குக் காட்டினேன். முப்பது வருஷம் அந்தத் தண்டவாளங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்தவர். மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இங்கதான் தேயும்னு எங்களுக்குக் காதால தெரியும். கண்ணால இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

ஆனால் ராத்திரி விஷயம் வேறு.

மார்கழி மாதத்தில் மகளை ரயில் ஏற்றிவிட விடிகாலை நான்கு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த நேரத்து ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தை நான் சின்ன வயசிலிருந்து அறிவேன். என் கதைகளில் அது நாலைந்து தடவை வந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய பனி, தூரத்தில் ஒரு சிவப்பு சிக்னல், டீக்கடை அடுப்பின் வெளிச்சம், இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருட்டாகக் கிடக்கிற நீளம். அந்த இருட்டில் யாரோ பெஞ்சியில் படுத்திருப்பது ஒரு கறுப்பு மேடாகத் தெரிந்தது. அதை எடுத்தேன்.

வந்த படத்தில் அந்த இருட்டு இல்லை. வானம் நீலமாக இருந்தது. பெஞ்சி பளபளத்தது. படுத்திருந்தவரின் முகம் தெரிந்தது: கிழவர், வாய் பிளந்து தூங்குகிறார், கழுத்தில் துண்டு. நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியாது. விளக்கு இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அவர் படுத்திருக்க வேண்டும். இந்தக் கருவி ஒரு தடவை அமுக்கினால் ஒரு படம் எடுப்பதில்லை. மடமடவென்று பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, எது எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்து ஒரே படமாக்கிக் கொடுக்கிறது. இருட்டு அதன் கணக்கில் ஒரு குறை. நீக்கப்பட வேண்டிய தழும்பு.

அந்த ராத்திரி ஏற்பாட்டை நிறுத்தி வைக்கலாமே என்று மகள் சொன்னாள். நிறுத்தலாம்தான். அமைப்புகளில் ஒரு தடவை சொல்லிவைத்தால் நிறுத்தியபடியே இருக்கும். நிறுத்தினாலும் மற்றத் திருத்தங்கள் ஓயமாட்டா. திருத்தாத படமாகவும் எடுத்துக் கொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அது ஏராளமாக இடத்தை அடைக்கும். 1,19,900 ரூபாய்க்குக் கொடுத்த போனில் 128 ஜி.பி. இடம்தான் வைத்திருக்கிறார்கள். கார்டு போட்டு இடத்தைக் கூட்டவும் வழியில்லை. நம் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே காட்டு என்று கேட்பவன் இங்கே அதிகப்படியாகச் செலவழிக்க வேண்டியவனாகிறான்.

கதாசிரியர்களில் இந்த ரகத்தைச் சேர்ந்தவர்கள் உண்டு. வர்ணனை அபாரமாக இருக்கும். ஆனால் ஒரு மூலையைக்கூட வாசகனுக்கென்று இருட்டாக விடமாட்டார்கள். அவர்களைப் படித்துவிட்டு நான் பாராட்டியிருக்கிறேன். இரண்டாம் தடவை படித்ததில்லை.

இதே குணம் பேச்சிலும் இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு இந்தக் கம்பெனி இடம் கொடுத்ததை மறுக்க முடியாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்களின் இணைமதி எழுத்து அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் வெகு நாளாக உண்டு. அவருடைய அஞ்சல் முறையில் போனிலும் தமிழைத் தட்டலாம். இந்தக் கட்டுரையின் பாதியை அப்படித்தான் எழுதினேன். ஆனால் இந்த 16-ஐ விற்றபோது அவர்கள் பெரிதாகப் பேசியது ஒரு செயற்கை அறிவைப் பற்றி. போன் வெளிவந்த அன்று அது உள்ளே இல்லை. 2024 அக்டோபரில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது. இந்திய ஆங்கிலத்துக்கு 2025 ஏப்ரலில் வந்தது. தமிழுக்கு அந்த வருஷம் வரவில்லை. சொன்னதை எல்லாம் புரிந்துகொள்ளப் போகிறது என்ற புதிய சிரி, தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். முன்னுரையில் வாக்களித்த அத்தியாயம் புஸ்தகத்தில் இல்லையென்றால் விமர்சகன் எழுதத்தானே செய்வான்?

பக்கவாட்டில் காமிராவுக்கென்று ஒரு புதுப் பொத்தான். அமுக்கலாம், லேசாக அமுக்கலாம், தடவலாம். ஒரு பொத்தானுக்கு இத்தனை பாஷை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விட்டுவிடுகிறேன். சார்ஜர் பெட்டியில் வருவதில்லை. 2020-லிருந்தே அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். "லேஸ் இல்லாம ஷூ அனுப்பினா எங்க பையர் ஒத்துப்பானா?" என்றான் தம்பி மகன்.

அவன் தொழிலைத் தொடுகிற விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தப் போன்களுக்குத் தோலில் உறை செய்து விற்றார்கள். 2023 செப்டம்பரில், தோலால் பூமிக்குக் கெடுதல் அதிகம் என்று சொல்லி அதை அறவே நிறுத்திவிட்டு, பழைய பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்த இழையில் நெய்த ஒரு துணி உறையைக் கொண்டுவந்தார்கள். விலை குறையவில்லை. சீக்கிரமே கீறலும் அழுக்கும் தெரிகிறது என்று உலகமெல்லாம் ஏசியது. மறு வருஷம் இந்த 16 வந்தபோது அந்த உறை இல்லை.

தோலைக் கைவிட்டார்களே என்று கோபிக்க எங்கள் பக்கத்துக்காரனுக்கு வாய் கிடையாது. பாலாற்றை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் கழிவுநீரைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. வாணியம்பாடிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவன் அந்தக் கம்பெனி சொன்ன காரணத்தை மறுக்க மாட்டான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி மகன் வெட்டி மீந்த ஆட்டுத் தோல் துண்டில் எனக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தான். முதலில் வெல்ல நிறமாக இருந்தது. என் உள்ளங்கை எண்ணெயும் வியர்வையும் ஏறி, விரல் படுகிற இடங்களில் காப்பிக் கொட்டை நிறமாகிவிட்டது. கீறல்கள் விழுந்தன, அவையும் தோலோடு சேர்ந்துவிட்டன. உறைக்குள் இருக்கிற போனோ, வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது. அல்லது உடையும். நடுவில் வேறு நிலை அதற்கு இல்லை.

உடைந்தால்? கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற பையன் ஒருவன் இருக்கிறான். கெட்டிக்காரன். எதையும் பிரித்துச் சேர்த்துவிடுவான். இதைக் காட்டியபோது கும்பிட்டுவிட்டான். "மாட்டலாம் சார். ஆனா வெளி பார்ட்டு போட்டா, தெரியாத பார்ட்டுன்னு போனே காட்டிக் குடுத்துடும்" என்றான். உள்ளே இருக்கிற பாகங்களைக் கம்பெனி எண்ணிட்டு வைத்திருக்கிறது. அடி தேய்ந்தால் செருப்புக்கு வேறு அடி தைக்கலாம். அதைத் தைக்கிறவர் மரத்தடியில் இருக்கிறார். அவரைப் பற்றிச் செருப்பு யாரிடமும் புகார் சொல்வதில்லை.

மறுநாள் ராத்திரி தம்பி மகன் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுமானம் முதல் தரம். திரை, ஒலி, பகல் காமிரா மூன்றும் நான் பார்த்தவற்றில் உயர்ந்தவை. ஆனால் இது தன்னை வைத்திருப்பவனை நம்பாத சாமான்; அவன் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கொடுத்துப் பழுது பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே தீர்மானித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வருஷம் தவணை கட்டாதே. இந்த விலையில் பாதிக்கும் குறைவாக வருகிற போனில் உனக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். படம் கொஞ்சம் சுமாராக வரும். வரட்டும்.

"அப்ப நீங்க மட்டும் வெச்சிருக்கீங்களே பெரிப்பா?" என்றான்.

நியாயமான கேள்வி. மகள் கொடுத்தது என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவின் தாலாட்டை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவன் என் பேச்சைக் கேட்டானா, காலம் அவனைக் கேட்க வைத்ததா என்று சொல்ல முடியாது. அந்த ஆகஸ்டு 27-ந் தேதி இந்தியச் சாமான்களின்மேல் அமெரிக்காவின் வரி ஐம்பது சதவீதமாக ஏறியது. தோல் செருப்பும் ஷூவும் அதில் மாட்டின. செல்போனுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன பெட்டிக்கு வரியில்லை; ஆம்பூரிலிருந்து போன பெட்டிக்குப் பாதிக்குப் பாதி. புரட்டாசியில் தம்பி மகனுக்கு ஓவர்டைம் நின்றுபோயிற்று. அதற்குள் 17 ப்ரோவும் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக டைட்டானியத்தின் பெருமையைப் பேசியவர்கள், சூட்டைத் தணிக்க அலுமினியமே மேல் என்று திரும்பியிருந்தார்கள். கடைத்தெருப் பையனிடம் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய போன் ஒன்றைத் தம்பி மகன் வாங்கிக்கொண்டான். விலை கேட்கவில்லை.

தீபாவளியன்று சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டு மாதப் பெண். புதுப் பாவாடையோடு திண்ணையில் உட்கார்த்திவிட்டு, "உங்க போன்ல ஒண்ணு எடுங்க பெரிப்பா" என்றான். நன்றாக இருட்டிவிட்டது. அகல் விளக்கு ஒன்று குழந்தைக்குப் பின்னால் இருந்தது. எடுத்தேன். படத்தில் திண்ணை முழுதும் வெளிச்சம். குழந்தையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "இவ்ளோ வெளிச்சம் இல்லியே பெரிப்பா அப்போ" என்றான். பிறகு, "அனுப்பி விடுங்க" என்று தன் போனை எடுத்து நீட்டினான். போன வாரம் பார்த்தேன். அவன் போனைத் திறந்ததும் அந்தப் படம்தான் வருகிறது.